வாறன் என்றொரு கட்டளை

எனக்குக் காத்திருக்கத் தெரியாது. பஸ் பிந்தினால் நிறுத்தத்தில் நிற்காமல் அடுத்த நிறுத்தத்தை நோக்கி நடக்கத் தொடங்கி, இரண்டுக்கும் நடுவில் அதைத் தவறவிடுகிற ஆள் நான். "நாய்க்கு வேலையுமில்லை, நிற்க நேரமுமில்லை" என்று அம்மா என்னைப் பார்த்துத்தான் சொல்லுவா. அப்படிப்பட்டவளுக்கு, காத்திருக்கிறவர்களை ஒழுங்குபடுத்துவதே முதல் வேலையாக வாய்த்தது.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கணினி படித்து முடித்த கையோடு, ஜெர்மனியின் ஹம் நகரிலிருந்து தினமும் ரயிலேறி டோட்முண்டில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்துக்குப் போய் வந்தேன். ஒரு முதலாளி, நாலைந்து நிரலாளர்கள், அடிக்கடி அடைத்துக்கொள்கிற ஒரு கோப்பி மெஷின். அவ்வளவுதான் நிறுவனம். நோயாளர் வண்டிகளை அனுப்பும் ஒரு நிலையத்துக்கு நாங்கள் நிரல் செய்துகொண்டிருந்தோம். சைரன் அடித்துப் பறக்கிற வண்டிகள் அல்ல. இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிற கிழவர்களையும், காலில் மாவுக்கட்டுப் போட்டவர்களையும் ஏற்றி இறக்குகிற வண்டிகள். அழைப்புகள் வந்தபடி இருக்கும். ஒவ்வொன்றுக்கும் அவசரம் வேறு. ஒரு வண்டி ஓய்ந்ததும், அடுத்து யாரை ஏற்றுவது என்பதைத் திரை சொல்லவேண்டும்.

அந்த முன்னுரிமை வரிசையை வடிவமைப்பது என் பொறுப்பு. அதைச் சரியாகச் செய்தால் தகுதிகாண் காலம் முடிந்து நிரந்தர வேலை. நிரந்தர வேலை கிடைத்தால் என் கணவர் வரலாம்.

எங்களுக்குத் திருச்சியில் கலியாணம் நடந்திருந்தது. அகதிப் பாஸ்போட்டோடு நான் இலங்கைக்குப் போக ஏலாது. அதனால் அவர் கடல் கடந்து திருச்சிக்கு வந்தார், தாலி கட்டினார், திரும்பிக் கொழும்புக்குப் போய் விசாவுக்கு விண்ணப்பித்துவிட்டு வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் அறை எடுத்துக் காத்திருந்தார். கலியாணம் கட்டியும் எனக்கு அவருடைய குரல் மட்டும்தான் பழக்கம். அந்த நாட்களில் ஒரு தமிழ் இளைஞன் கொழும்பு லொட்ஜில் இருப்பதென்றால் என்னவென்று யாருக்கும் விளக்கத் தேவையில்லை. விடியற்காலையில் சுற்றிவளைப்பு, அடையாள அட்டை, யாழ்ப்பாணமா என்ற கேள்வி, சிலவேளை அப்படியே ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போவது. இங்கே மனைவிக்கு நிலையான வேலையும் வீடும் இருக்கிறது என்று காட்டாமல் விசா கிடைக்காது. வீடு இருந்தது. வேலைதான் இன்னும் அரைகுறையாக நின்றது. அந்தக் கிழவர்களை ஒழுங்காக ஏற்றி இறக்கினால்தான் என்ரை மனுசன் இறங்குவார் என்று நான் எனக்குள் சொல்லிக்கொள்வேன்.

அவர் கிழமைக்கொரு தடவை கொழும்பில் ஒரு தொலைபேசிக் கடையிலிருந்து எனக்குக் கோல் எடுப்பார். மற்றவர்கள் கதைத்து முடிந்ததும் "சரி, வைக்கிறன்" என்பார்கள். இவர் அப்படிச் சொல்லமாட்டார். நேரில் விடைபெறுவதுபோல, "சரி, அப்ப நான் வாறன்" என்றுதான் போனை வைப்பார். எங்கள் ஆட்களில் யார்தான் வாசலைத் தாண்டும்போது போறன் என்று சொல்வார்கள்? போறன் என்றால் போனதுதான் என்று அர்த்தம். வாறன் என்றால் போகிறேன், ஆனால் திரும்பி வருவேன் என்று அர்த்தம். எனக்கு அது பிடிக்கும்.

நான் போய்ச் சேர்ந்தபோது அந்த நிரலில் ஏற்கெனவே ஒரு வரிசை இருந்தது. என் பக்கத்து மேசைக்காரர் எழுதியது. ஆள் கதவு நிலையில் தலை முட்டுகிற உயரம். மனதுக்குள் அவருக்கு நெடுவல் என்று பெயர் வைத்திருந்தேன். அவருடைய வரிசை நேர்மையானது, மந்தமானது. எல்லோரையும் அவசரப்படி ஒரே கோட்டில் நிறுத்தியிருந்தார். புதிதாக ஒருவர் நடுவில் வந்தால் அவருக்குப் பின்னால் உள்ள அத்தனை பேரும் ஒவ்வொரு அடி தள்ளி நிற்கவேண்டும். வந்தவர் போய்விட்டால் திரும்ப ஒவ்வொரு அடி முன்னே. அந்தப் பழைய கணினி அதைச் செய்து முடிப்பதற்குள் எனக்குக் கால் உளையும். ஜெர்மன்காரர் வரிசையைக் காத்திருக்கும் பாம்பு என்று சொல்வார்கள். இது இரை விழுங்கிய பாம்பு.

நான் குவியல் முறையைக் கொண்டுவந்தேன். பாடப்புத்தகத்தில் உள்ளதுதான், என் கண்டுபிடிப்பு அல்ல. புத்தகத்தில் அதற்கு ஹால்ட என்று பெயர். இந்த வட்டாரத்தில் நிலக்கரிச் சுரங்கக் கழிவைக் கொட்டிக் கொட்டி எழுந்த கறுப்பு மலைகளுக்கும் அதே பெயர். தினமும் ரயில் ஜன்னலில் ஒன்றைப் பார்த்துக்கொண்டு போவேன். குவியலில் யாரும் கோட்டில் நிற்பதில்லை. ஒருவருக்குக் கீழே இருவர், அந்த ஒவ்வொருவருக்கும் கீழே இருவர். ஒரேயொரு சட்டம்: மேலே இருப்பவர் தனக்குக் கீழே உள்ள இருவரையும்விட அவசரமானவராக இருக்கவேண்டும். பக்கத்தில் இருப்பவரோடு ஒப்பிடத் தேவையில்லை. புதியவர் அடியில் வந்து சேர்ந்து, தனக்கு மேலே உள்ளவரோடு மட்டும் ஒப்பிட்டு, அவசரமானால் இடம் மாறி மேலே ஏறுவார். உச்சியில் இருப்பவர் வண்டியேறினால், கடைசி ஆளை உச்சியில் வைத்து அவருக்குரிய இடம்வரை இறங்கவிடுவோம். எத்தனை பேர் காத்திருந்தாலும் ஒரு சிலர்தான் அசைவார்கள். மற்றவர்கள் அப்படியே இருப்பார்கள். முதல்முறை ஓடவிட்டபோது நெடுவல் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்கு எழும்பி நடக்கவேண்டும்போல இருந்தது, சந்தோஷத்தில்.

ஒரு சிக்கல் இருந்தது. குவியலுக்கு வந்த ஒழுங்கு ஞாபகம் இருக்காது. ஒரே அவசரம் உள்ள இருவரில் பிறகு வந்தவர் முதலில் ஏறிவிடக்கூடும். வந்த ஒழுங்கையும் ஒவ்வொருவரோடும் சேர்த்து வைக்கவேண்டும் என்றேன். சமம் என்றால் சமம்தானே, எதற்கு வீண் இடம் என்றார் முதலாளி. "முதல் வந்தவர் பிறகு போனால் அது வரிசையில்லை, சந்தை" என்றேன். தகுதிகாண் காலத்தில் இருக்கிறவள் பேசுகிற பேச்சா அது என்று இப்போது தோன்றுகிறது. அப்போது என் வாய்க்கு முன்னால் யாரும் நிற்க முடியாது. அவர் தோளைக் குலுக்கிவிட்டுச் சம்மதித்தார்.

இன்னொரு சிக்கல், பயணத்தை ரத்துச் செய்கிறவர்கள். மகன் காரில் கூட்டிப்போகிறான், வண்டி வேண்டாம் என்று ஒரு கிழவி அழைத்துச் சொல்வாள். குவியலுக்கு உச்சியில் யார் என்பது மட்டும்தான் தெரியும். நடுவில் எங்கோ இருக்கும் கிழவியைத் தேடுவதென்றால் அத்தனை பேரையும் கிளறவேண்டும். அதனால் தேடாமல் விட்டேன். அவளுடைய பதிவில் ஓர் அடையாளம் மட்டும் இட்டுவிடுவது. அவள் இருந்த இடத்திலேயே இருப்பாள். எப்போதாவது உச்சிக்கு வரும்போது அடையாளத்தைப் பார்த்துத் தூக்கிவிடலாம். சோம்பேறித்தனமான முறைதான், ஆனால் வேகமானது.

இவற்றுக்கெல்லாம் கட்டளைப் பெயர்கள் வைக்கவேண்டும். வேலை நடக்கும்போது வாயில் வந்த தமிழையே ஆங்கில எழுத்தில் வைத்துக்கொண்டேன். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று எண்ணம். ஆளைச் சேர்க்கிற கட்டளைக்கு 'வா'. நீக்குகிற கட்டளைக்கு 'போ' என்று எழுத வந்த கை நின்றுவிட்டது. நோயாளிகள். அதிலும் பாதிப்பேர் எண்பது கடந்தவர்கள். வருத்தக்காரரைப் பார்த்துப் போ என்று சொல்லலாமா? எனக்குச் சாத்திரத்தில் பெரிய நம்பிக்கை இல்லை, இருந்தும் கை வரவில்லை. அந்தக் கிழவி விடைபெற்றால் என்ன சொல்வாள் என்று யோசித்து, 'வாறன்' என்று எழுதினேன். உண்மையில் அது பொருத்தமாகவும் இருந்தது. போய்விட்டதாகச் சொல்லியும் போகாமல் அங்கேயே இருப்பதுதானே அந்த முறை.

இதற்கிடையில் ஒருநாள் என் கணவர் எடுத்தபோது குரல் களைத்திருந்தது.

"எங்கட விசா பைல் எத்தனையாவதா இருக்காம் எண்டு எம்பசியில கேட்டனான். சொல்ல ஏலாதாம்."

எனக்கு உடனே விளங்கியது. விளங்கியதைச் சொல்லாமல் இருக்க எனக்குத் தெரியாது. "அவை ஒளிக்கேல்லை. அவைக்கே தெரியாமல் இருக்கும். அடுத்தது ஆர் எண்டது மட்டும்தான் தெரியும். மிச்சப்பேரை ஒழுங்கில வைச்சா வேலை பிந்தும். நானும் இஞ்ச அப்பிடித்தான் செய்யிறன்."

"அப்ப மிச்சப்பேர்?"

"மிச்சப்பேர் குவியல்."

"உதை நீர் உம்மட வேலைத்தலத்தில சொல்லும்" என்றார். "நான் இஞ்ச விடியக்காலமையில சப்பாத்துச் சத்தத்துக்கு எழும்பிறன். சரி, நான் வாறன்."

அன்று முழுக்க எனக்கு ஒன்றும் ஓடவில்லை. என் குவியல் வேகமாக இருப்பதற்குக் காரணமே, உச்சியில் இல்லாதவர்களைப் பற்றி அது கவலைப்படாததுதான். அதைக் கெட்டித்தனம் என்று நினைத்திருந்தேன். வீட்டில் சோற்றை அடுப்பில் வைத்துவிட்டுக் கால்வாய்க்கரையில் நடக்கப்போய், திரும்பி வரும்போது சட்டி கரிந்திருந்தது.

சோதனை ஓட்டம் வந்தது. அனுப்பும் நிலையத்தில் இருந்த ஜெர்மன் அம்மா கெட்டிக்காரி. எங்கள் திரையை நம்பாமல் நோயாளர் பெயர் எழுதிய அட்டைகள் அடுக்கிய தன் பழைய பெட்டியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டார். காலை முழுக்க நிரல் வழுக்கிக்கொண்டு ஓடியது. மத்தியானத்துக்குப் பிறகு அவரிடமிருந்து அழைப்பு.

"உங்கள் நிரல் என் கிழவர் ஒருவரை விழுங்கிவிட்டது. மனுஷன் தொப்பியும் கோட்டும் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் இருக்கிறார். என் அட்டையில் இருக்கிறார். திரையில் இல்லை."

கிழவர் ஒருவரல்ல, மூன்று நான்கு பேர். சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகத் தயார் என்று அழைத்த எல்லோரும் மறைந்திருந்தார்கள். நானும் நெடுவலும் தலையோடு தலை முட்டிக்கொண்டு திரையில் தேடினோம். பிழை என் குவியலில் இல்லை. அவர் எழுதிய பகுதியில் ஒரு வரி. வீட்டுக்குத் திரும்பத் தயார் என்ற அழைப்பு வந்தால் 'வாறன்' என்ற கட்டளையை ஓட்டு என்றிருந்தது.

"இதை ஏன் இங்கே போட்டீர்கள்?"

"கோப்பி குடிக்கும்போது உன்னிடம் கேட்டேனே, இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று. நான் வருகிறேன் என்று சொன்னாய்." அவர் உண்மையிலேயே குழம்பிப்போயிருந்தார். "கிழவர் வீட்டுக்கு வருகிறார். திரும்பி வருகிறவருக்கு இது, புதிதாக வருகிறவருக்கு 'வா' என்று நினைத்தேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. வாய் நிறையப் பாணை மென்றுகொண்டு அன்று நான்தான் அப்படிச் சொல்லியிருந்தேன். சொல்லுக்குச் சொல் அது சரியான மொழிபெயர்ப்பு.

முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். மேசையில் என் தகுதிகாண் காலம் பற்றிய காகிதம் கிடந்தது. அதை நான் கண்டுவிட்டேன்.  

"போவதற்கு யாராவது வருகிறேன் என்று பெயர் வைப்பார்களா?"

"நாங்கள் வைப்போம்" என்றேன். போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனால் திரும்பி வராமல் போய்விடுவார்களோ என்ற பயத்தில் நாங்கள் அந்தச் சொல்லையே தொடுவதில்லை, விடைபெறும்போதெல்லாம் வருகிறேன் என்றுதான் சொல்வோம் என்று விளக்கினேன். வருத்தக்காரர் என்பதால் இன்னும் கவனமாக இருந்தேன் என்பதையும் சொன்னேன்.  

நெடுவல்தான் கேட்டார், கேலியாக அல்ல. "அப்படியென்றால் ஒருவர் உண்மையிலேயே வரும்போது என்ன சொல்வார்?"

"வாறன் என்றுதான்."

"இரண்டையும் எப்படிப் பிரித்தறிவீர்கள்?"

"கேட்டால் தெரியும்" என்றேன் திமிரோடு. "எங்களுக்கு ஒருநாளும் பிழை வராது."

முதலாளி காகிதத்தை மடித்து மேசை லாச்சிக்குள் வைத்தார். பெயர்களையெல்லாம் ஜெர்மனுக்கு மாற்று, அடுத்த கிழமை திரும்பவும் ஓட்டு, பிறகு பார்ப்போம் என்றார். மாற்றினேன். 'வா' போய்ச் 'சேர்' என்பதற்குரிய ஜெர்மன் சொல் வந்தது. 'வாறன்' போய் 'நீக்கு' வந்தது. அடுத்த கிழமை கிழவர்கள் எல்லோரும் தங்கள் தங்கள் முறைப்படி வீடு போய்ச் சேர்ந்தார்கள். அந்த அம்மா அட்டைப் பெட்டியை மூடி அலுமாரிக்கு மேல் வைத்தார் என்று கேள்விப்பட்டபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. நிரந்தர வேலை கிடைத்தது. அதற்கான கடதாசிகளின் பிரதிகளை எல்லா இடத்துக்கும் அனுப்பினேன்.

இனி வந்துவிடுவார் என்று நினைத்தேன். எங்கே? ஒரு காலம் போய் மறுகாலம் வந்தது. ஹம் நகர அம்மன் கோயில் தேருக்குச் சனம் வந்து போனது. "இன்னும் அவர் வரேல்லையோ" என்று கேட்காத அக்காமார் இல்லை. ரயிலில் இருந்தாலும் சமைத்தாலும் ஒரே யோசனை: அங்கே அவசரமானவர்கள் வந்துகொண்டே இருந்தால் அடியில் கிடப்பவர் எப்போது மேலே வருவார்? என் நிரலில் அதற்கு ஒரு வழி செய்தேன். காத்திருக்கக் காத்திருக்க ஒருவருடைய அவசரம் கூடிக்கொண்டே போகும்படி ஒரு விதி போட்டேன். யாரும் கேட்கவில்லை, நானாகப் போட்டேன். எங்கள் பைல் கிடக்கிற இடத்திலும் யாராவது அப்படி ஒரு விதி போட்டிருப்பார்களா என்று கேட்க ஆளில்லை.

தொலைபேசியில் எங்கள் பேச்சும் சுருங்கிவிட்டது. அவர் எத்தனையாவது என்று கேட்பதை நிறுத்திவிட்டார். நான் குவியல் கதை சொல்வதை நிறுத்திவிட்டேன். சாப்பிட்டீரோ, சாப்பிட்டன், குளிரோ, குளிர். அந்த மனுசனுக்கு நான் அலுத்துப்போய்விட்டேன் என்று பயந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்தார். லைன் படுமோசம். கடலுக்குள் நின்று கதைப்பதுபோல இரைச்சல். ஏதோ வேகமாகச் சொல்கிறார், ஒரு சொல்லும் பிடிபடவில்லை. "கேக்கேல்லை, பலமாச் சொல்லுங்கோ" என்று கத்தினேன். திரும்பவும் இரைச்சல். கடைசியில் மட்டும் தெளிவாக ஒன்று கேட்டது.

"...நான் வாறன்."

அவ்வளவுதானா, இன்றைக்கு இவ்வளவு கெதியாகவா என்று நினைத்தேன். "ஓம், வாங்கோ. கவனம்" என்றேன், வழமையாகச் சொல்வதுதான். அந்தப் பக்கத்தில் அவர் சிரிப்பதுபோலக் கேட்டது. வெறுத்துப்போன சிரிப்பு என்று எடுத்துக்கொண்டேன். லைன் அறுந்தது.

அடுத்த நாட்களில் பொறுக்க ஏலாமல் நானே லொட்ஜுக்கு எடுத்தேன். முகாமையாளர் ஐயா எடுத்தார்.

"தம்பி அறையை விட்டிட்டார் பிள்ளை. பெட்டியோட வெளிக்கிட்டவர்."

"எங்கை போனவர்?"

"அது சொல்லேல்லை. இந்தக் காலத்தில நாங்களும் கேக்கிறேல்லை. எல்லாருக்கும் போட்டு வாறன் எண்டு சொல்லிப்போட்டுத்தான் போனவர். உமக்குத் தெரியுமாக்கும் எண்டெல்லோ நான் நினைச்சன்."

விசாவை நம்பி அலுத்துப்போய்க் கள்ளவழியில் ஏஜென்சியோடு கிளம்பிய பொடியளின் கதைகள் எங்களுக்குள் நிறைய உலாவின. ஏதோ ஒரு நாட்டுப் பனிக்காட்டில் அடைபட்டுக் கிடப்பவர்கள், இடையில் பிடிபட்டவர்கள், பிறகு செய்தியே இல்லாமல் போனவர்கள். இல்லை, வழியிலேயே ஜீப்பில் ஏற்றிவிட்டார்களோ? நின்றால் இருக்கவேண்டும், இருந்தால் நடக்கவேண்டும்போல இருந்தது. போன் அடிக்கும் என்று வீட்டில் இருந்தேன். அடிக்காத போனைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் வேலைக்குப் போனேன். அவருக்கு அந்த இலக்கமும் தெரியும் என்பது ஒன்றுதான் ஆறுதல். யாரிடம் கேட்பது, என்னவென்று கேட்பது? அன்றைக்கு ஏன் அவ்வளவு கெதியாகப் போனை வைத்தார் என்று என்னை நானே தின்றுகொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம். நான் கோப்பி மெஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். என் மேசைப் போன் அடித்தது. பக்கத்தில் இருந்த நெடுவல் எடுத்தார். கொஞ்சநேரம் கேட்டார். பிறகு கையால் போனின் வாய்ப்பகுதியைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஓர் ஆள். ஆங்கிலத்தில் உன்னைக் கேட்டார். பிறகு உங்கள் மொழியில் ஏதோ கோபமாகச் சொன்னார். எனக்கு அதில் ஒரு சொல்தான் விளங்கியது."

"என்ன சொல்?"

"வாறன்." சூடு கண்ட பூனை, மிகக் கவனமாகக் கேட்டார்: "இவரைச் சேர்ப்பதா, நீக்குவதா?"

நான் எப்படி அந்த மேசைக்கு வந்தேன் என்று தெரியாது. காதில் வைத்ததும் முதலில் கேட்டது ஒரு பெண்ணின் ஜெர்மன் அறிவிப்பு. டுசல்டோர்ஃப் விமான நிலையத்தில் பயணப்பெட்டிகளைக் கவனமின்றி விட்டுச்செல்ல வேண்டாம் என்றாள். இரைச்சல் இல்லை. அடுத்த அறையில் நிற்பதுபோல அவர் குரல்.

"எங்க நிக்கிறீர்? என்னோட வந்த சனமெல்லாம் போட்டுது. விசா குத்திப்போட்டாங்கள், வெள்ளிக்கிழமை நான் வாறன் எண்டு சொன்னனான். நீரும் ஓம், வாங்கோ, கவனம் எண்டு சொன்னனீர்தானே?"

"நில்லுங்கோ" என்று மட்டும் சொன்னேன். "அங்கேயே நில்லுங்கோ. அசையாதேங்கோ."

போனை வைத்துவிட்டுக் கோட்டைத் தேடினேன். அது கதிரையிலேயே கிடந்தது. நெடுவல் இன்னும் பதிலுக்காக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சேர்" என்றேன்.